பூனை மீசையில் எடுத்த உறை

காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டர். கிடங்குச் சாவி என் இடுப்பில்தான் தொங்கும். அதனால்தான் எங்கள் ஜீப் டிரைவரின் மகள் என்னைத் தேடி வந்தாள். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும்; சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

மலேரியாக் கிருமிக்குள் ஒரு நொதி இருக்கிறதாம். மற்ற புரதங்களை ஒழுங்காக மடித்துக் கொடுப்பது அதன் வேலை. அதன் உருவம் தெரிந்தால், அதை முடக்க மருந்து தேடலாம். உருவம் தெரிய, அதைக் கற்கண்டு போலப் படிகமாக்கி எக்ஸ்ரே கதிரில் வைக்க வேண்டுமாம். சென்னையில் அடிக்கடி கரண்டு போய் அறை சூடாகி எல்லாம் கெட்டிருக்கிறது. எங்கள் கல் கிடங்கிலோ பகலும் ராத்திரியும் ஒரே குளிர். ஐஸ் குடுவையில் அவள் கொண்டுவந்த நொதிக் கரைசல்தான் மிச்சம். பாதியைத் தட்டுக் குழிகளில் சொட்டுச் சொட்டாக வைத்து மூடினாள். மீதியை பங்களா ஃபிரிட்ஜில் வைத்தாள். சீக்கிரமே எக்ஸ்ரே எந்திரத்தில் அவள் முறை வருகிறது. தவறினால் மறுபடி எப்போது கிடைக்குமோ.

காயவைக்கும் களத்தில் காப்பிக் கொட்டை கிளறும் அக்காவுக்கு ஒரு பழக்கம். எது ஒரே பக்கமாகக் கிடந்தாலும் பொறுக்காது. பூஞ்சை பிடித்துவிடும் என்பார். தினமும் காலையில் கிடங்கைக் கூட்ட வரும்போது அந்தத் தட்டையும் எடுத்து ஓர் உலுக்கு உலுக்கித் திருப்பி வைத்திருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சொட்டு பூராவும் மணல் மாதிரிப் பொடிப் படிகமாம். ஆடாமல் இருந்தால்தான் பெரிதாக வளருமாம்; அப்படி ஒன்றுகூட இல்லையாம்.

"நல்லா காயட்டும்னுதானுங்க உலுக்குனேன்" என்றார் அக்கா. முகம் செத்துப்போயிருந்தது.

அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது குரலே வேறு.

"ரைட்டரண்ணா, பாலுக்கு உறை ஊத்தற மாதிரிதானுங்க. இந்த மணல்ல துளி எடுத்துப் புதுச் சொட்டுல தடவிட்டாப் போதும், அதைப் புடிச்சே பெருசா வளரும்."

தடவ, மெல்லிசாக, விறைப்பாக ஒன்று வேண்டுமாம். பூனை மீசை இருந்தால் நல்லதாம்.

எலிக்காகக் கிடங்கில் வளர்த்த பூனையை நானும் அக்காவும் மூட்டைக்கு மூட்டை துரத்தினோம். கடைசியில் கருவாட்டுக்கு மசிந்தது. அக்கா கோணிப்பையில் சுருட்டிப் பிடிக்க, அவள் ஒற்றை மீசையின் நுனியைக் கத்தரித்தாள். ஃபிரிட்ஜில் இருந்த மீதியில் புதுச் சொட்டுகள் வைத்து, மணலைத் தொட்ட மீசையால் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுத்தாள்.

அன்றிலிருந்து அக்கா கிடங்கு வாசலை விட்டு நகரவில்லை. என்னையே வழிமறித்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. நீங்க நடந்தா மூட்டையே ஆடுதுங்க."

அடுத்த முறை பார்த்தவள் ஒதுங்கி எங்களுக்கு இடம் விட்டாள். மீசை இழுத்த கோட்டின்மேலேயே, பட்டை தீட்டினது போல ஒன்று பளபளத்தது. அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, மூக்குத்திக் கல்லாட்டம் இருக்குது கண்ணு என்றார்.

தட்டை மடியில் வைத்து அவள் பஸ் ஏறினாள். வளைவுக்கு வளைவு மெதுவாகத் திருப்பும்படி பஸ் டிரைவரிடம் அக்காவே போய்க் கறாராகச் சொல்லிவிட்டு வந்தார்.

சில நாளில் அவளிடமிருந்து எஸ்டேட் ஆபீஸுக்கு போன் வந்தது. எக்ஸ்ரே படம் நிறையப் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கிறதாம்; அதை வைத்து உருவத்தைக் கணக்குப் போட்டுவிடலாமாம். களத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா கொட்டை கிளறும் பலகையைக் கீழே போட்டார்.

"மீசை எங்க பூனையோடதுன்னு அந்த ஆராய்ச்சியில எழுதச் சொல்லுங்க."