ஃபெயிலாக வேண்டிய காது

ஃபெயிலானால்தான் நல்லது என்று என் வாழ்க்கையில் ஒரே ஒரு பரீட்சை வந்தது. அதில் போய் பாஸாகித் தொலைத்தேன்.

காதுப் பரீட்சை. கோயமுத்தூரில் ஒரு காது டாக்டரிடம். கண்ணாடி ஜன்னல் வைத்த குட்டி அறை, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு என்பதால் தெம்பாகத்தான் போய் உட்கார்ந்தேன்.

நான் பீரங்கிப் படையில் இருந்தவன். வெடிக்கும்போது குழல் என் இடது பக்கம் இருக்கும். அப்போது நாங்கள் காதில் வைத்ததெல்லாம் ஒரு துண்டு பஞ்சு, அதுவும் ஞாபகம் வந்தால். ரிட்டயராகி வந்து சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். காதில் வைத்திருக்க வேண்டிய பஞ்சையெல்லாம் அங்கே நூலாக்கிக்கொண்டிருந்தார்கள்.

காது போனது பட்டாளத்தில்தான் என்று எழுதிக் கொடுத்தால், ஊனத்துக்கான பென்ஷனுக்கு மனுப் போடலாம். மிஷினும் வாங்கிக் காதில் மாட்டிக்கொள்ளலாம். அதற்கு முதலில் காது போய்விட்டது என்று ஒரு டாக்டர் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் நான் காலமெல்லாம் செய்துவந்தது இதற்கு நேர் எதிரான வேலை. காது கேட்கிறது என்று ஊரையே நம்பவைத்திருந்தேன்.

வழி ரொம்பச் சுலபம். நிறுத்தாமல் பேச வேண்டும், அதுவும் சிரிக்கச் சிரிக்க. கேட்கிறவனுக்குத்தானே காது வேண்டும், பேசுகிறவனுக்கு எதற்கு? கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும், அடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் நான் ஒரு ஜோக்கை எடுத்துவிடுவேன். மாதா கோயில் பூசையில் முன் பெஞ்சுக்காரர் எழுந்தால் எழுவேன், முட்டி போட்டால் முட்டி போடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்துக்கு நடுவே எழுந்தார். நானும் பக்தியோடு எழுந்து நின்றேன். அவர் ஒண்ணுக்குப் போகத்தான் எழுந்தார் என்பது வெளி வாசல் வரை அவர் நடந்த பிறகே எனக்கு விளங்கியது. சாமியார் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ரிட்டயராகும்போது நடந்த மெடிக்கலிலும் இதே கூத்துதான். ஒருவர் பின்னால் நின்று எண்களைக் கிசுகிசுப்பார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் பீரங்கிக் குழுவில் கடைசியாக வந்து சேர்ந்த அந்தியூர்ப் பையன் ஜன்னலுக்கு வெளியே நின்று, அவர் உதட்டைப் பார்த்து எனக்கு விரல் காட்டினான். நான் கணீரென்று ஒப்பித்தேன். ரெண்டு காதும் நார்மல் என்று பேப்பரில் ஏறியது. கேட்கவில்லை என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் போட்டு ஊருக்கு விடமாட்டார்களோ, நோய் சொல்கிறவனை நடிக்கிறான் என்பார்களோ என்ற பயம். வெளியே வந்து ரெண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். என்னத்தையோ ஜெயித்துவிட்ட மாதிரி.

பிறகு ஏன் இப்போது மனு? சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் எனக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. நான் பாட்டுக்குப் பழனிமலை ஏறுகிறவன்போல நிதானமாக நடந்திருக்கிறேன். என் வீட்டம்மா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு ராத்திரிச் சோறு போட்டுவிட்டு, என் முகத்துக்கு நேரே வந்து நின்று சொன்னாள்: "போதுமுங்க உங்க நடிப்பு."

முன்னாள் படைவீரர்களுக்கான ஆபீசில் இருந்தவரும் பழைய பட்டாளத்துக்காரர்தான். என் பேப்பரைப் பார்த்துவிட்டுப் பக்குவமாகக் கேட்டார்.

"ஏனுங்க, வெளிய வந்த ஒடனே மனுப் போட்டிருக்கலாமே? சொல்லி அனுப்பியிருப்பாங்களே?"

"சொன்னாங்களா என்னமோங்க. எனக்குக் கேக்கலீங்க."

அவர் சிரிக்கவில்லை. முதலில் காதைச் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார்.

அப்படித்தான் அந்தக் கண்ணாடி அறைக்குள் வந்து உட்கார்ந்தேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மிஷினைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை தட்டும்போதும் அவர் தோள் லேசாக அசைந்தது. அசைந்தது, அமுக்கினேன். அசைந்தது, அமுக்கினேன். எதற்கு வந்திருக்கிறோம் என்பதே மறந்துபோய், முதல் மார்க் வாங்குகிற குஷியில் இருந்தேன்.

"வயசுக்கு நல்லாத்தானுங்கண்ணா இருக்குது," என்றார் டாக்டர்.

ஒரு நொடி பெருமையாக இருந்தது. அடுத்த நொடி வேர்த்துக் கொட்டியது. வெளியே வந்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் பெஞ்சில் காத்திருந்த வீட்டம்மா.

"பாஸாயிட்டன், அம்மணி."

"அட கெரகமே! பாஸாகறதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தோம்?" என்றவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தம்மா கை தெரிஞ்சுதா?"

"தோள் தெரிஞ்சுது."

"அதானே!"

என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். "டாக்டரம்மா, இவரு கண்ணுல கேக்கற மனுசனுங்க. செவுத்தப் பாத்து உக்கார வெச்சுக் கேளுங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டார். வீட்டம்மாவைச் சத்தம் காட்டாமல் ஓரமாக நிற்கச் சொன்னார். எனக்கு முன்னால் வெறும் வெள்ளைச் சுவர்.

வலது காது ஒருவழியாக ஓடியது. சிலது கேட்டது, அமுக்கினேன். அடுத்தது இடது காது என்று தோளைத் தொட்டுச் சைகை காட்டிவிட்டுப் போனார். அந்தக் காதுக்குள் எப்போதும் ஒரு போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், கரண்டு போகாத மோட்டார். இப்போது வருவது மிஷின் சத்தமா, என் மோட்டாரா? கேட்காமல் அமுக்கினால் பொய். கேட்டும் அமுக்காவிட்டால் அதுவும் பொய். அமுக்கினால் மனு போச்சு, அமுக்காவிட்டால் மானம் போச்சு. கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட இப்படித் தடுமாறியதில்லை.

காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கரண்டு போய்விட்டதோ என்று மேலே பார்த்தேன், லைட் எரிந்தது. டாக்டரம்மா டீ குடிக்கப் போய்விட்டாரோ? இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். மரியாதைக்கும் ஒரு அளவு இருக்கிறது.

"டாக்டரம்மா, எடது காத ஆரம்பிச்சரலாமுங்க. நான் ரெடி," என்றேன் சுவரைப் பார்த்தபடியே.

திரும்பினேன். டாக்டர் மிஷினை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"எடது காதும் முடிஞ்சிருச்சுங்கண்ணா," என்றது டாக்டரின் உதடு.

ஜெயித்துவிட்டேன். அதாவது, தோற்றுவிட்டேன். இல்லை, ஜெயித்துத்தான் விட்டேன். சிரிப்பதற்காக வாயைத் திறந்தேன். ஒரு ஜோக்கும் வரவில்லை.

டாக்டர் எனக்கு நேரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். "காது போயிருக்குதுன்னு எழுதித் தாரேன். எதனால போச்சுன்னு எப்படிங்கண்ணா எழுதறது? பீரங்கியா, மில்லா, வயசா? வெளிய வந்த கையோட வந்திருந்தீங்கன்னா பீரங்கி மட்டுந்தான் இருந்திருக்கும்."

நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. மில்லில் ராத்திரி ஷிப்டில் நூற்கிற மிஷின் போடுகிற இரைச்சல் சாமானியமா? பீரங்கி பாதி, மில் பாதியா? வருஷம் போகப் போகக் குற்றவாளிகள் கூடிக்கொண்டே போயிருக்கிறார்கள். நான் ஒருத்தன் பேரையும் சொல்லாமல் ஜோக்கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"பீரங்கிதானுங்க," என்றாள் வீட்டம்மா. "மில்லுக்குப் போறதுக்கு நெம்ப முன்னாடி, லீவுல வந்து போத்தனூர் ஸ்டேஷன்ல எறங்குவாரு. எடது பக்கம் நின்னு கூப்புட்டா திரும்பவே மாட்டாரு. அப்ப இருந்து நான் இவருக்கு வலது பக்கந்தானுங்க நடக்கறேன்."

எங்கே போனாலும் இவள் ஏன் சாலை ஓரத்தை விட்டுவிட்டு வண்டி வருகிற பக்கமாகவே நடக்கிறாள் என்று பலமுறை திட்டியிருக்கிறேன். பொம்பளைக்குப் புத்தியில்லை என்று நாலு பேருக்கு முன்னால் ஜோக்கடித்தும் இருக்கிறேன்.

"அத அப்படியே எழுதி மனுவோட வெச்சுக் குடுங்கம்மா," என்றார் டாக்டர். "எடுபடுமான்னு எனக்குத் தெரியாது."

எழுதிக் கொடுத்தோம். எடுபடுமா என்று எனக்கும் இன்னும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அந்தியூர்க்காரன் ஞாபகம் வந்தது. எனக்குப் பின்னாலும் பல வருஷம் அதே பீரங்கியோடு கிடந்தவன். வெளியே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, யூனிபார்மில் போட்ட மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. போன் போட்டோம். நான் ஒன்று சொல்ல, அவன் "ஆமாங்கண்ணா, ஆமாங்கண்ணா" என்றான். அவன் ஒன்று சொல்ல, நானும் "ஆமாப்பா" என்றேன். ரெண்டு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்பது ரெண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்தது. வீட்டம்மா போனைப் பிடுங்கினாள். அந்தப் பக்கம் அவன் சம்சாரம் பிடுங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு உருப்பட்டது.

"தம்பி வார திங்கக்கெழமை கல்லு ஒடைக்கற கிரஷர்ல வேலைக்குச் சேருதாமா," என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். "காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது, மெடிக்கல்ல பாஸுன்னு சொல்லுதாமா."

யார் விரல் காட்டினார்களோ!

"கிரஷர்ப் பக்கம் காலே வெக்கக் கூடாதுன்னு சொல்லு," என்றேன். "மொதல்ல போய்க் காதக் காட்டோணும், மனுவப் போடோணும். அப்பறம் கல்லு ஒடைக்கட்டும், மண்ணு ஒடைக்கட்டும்."

அவள் சொன்னாள். அந்தப் பக்கத்துப் பதிலைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "போறதுக்கு ஒத்துக்கிச்சுங்க. வேறென்ன சொல்லோணும்?"

"அவன் சம்சாரத்தையும் கூடவே போகச் சொல்லு," என்றேன். "போய், செவுத்தப் பாத்து உக்கார வெக்கச் சொல்லு."