பாட்டு நின்ற மரம்

தெபுரே, என் பெரியப்பா. பிறந்தது 1951, பசிபிக் கடலிலுள்ள கிரிபாஸ் நாட்டின் நோனூட்டித் தீவில். மனைவி காவோட்டியா, தெற்கே தபிதேவேயா தீவுக்காரர். ஒரே மகள். காலையும் மாலையும் பாளை சீவிய தென்னைகள் ஐந்து. 1984 ஆகஸ்டில், கள் மயக்கத்தில் மனைவியின் இடக்கையை முறித்தார். எலும்பு கூடியது, சுண்டுவிரல் நிமிரவில்லை. இதைக் குடும்ப ஏட்டில் எழுதச் சொன்னவர் பெரியப்பாவேதான்.

பாளை சீவுபவர் மர உச்சியில் இருக்கும்வரை உரக்கப் பாட வேண்டும். கீழே குளிக்கும் பெண்களுக்கு மேலே ஆள் இருப்பது தெரிய வேண்டும். பெரியம்மா அந்த வழக்கத்துக்கு வேறொரு வேலை கொடுத்தார். கைக்கட்டு அவிழ்த்த அன்று சொன்னார்:

"பாடுற வாயால குடிக்க முடியாது. பாட்டு எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும். நடுவுல நின்னா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் படகேறிடுவேன்."

பெரியப்பா ஆறு ஆண்டுகள் பாடினார். சீவிய நீர் அன்றன்றே இறங்கி, அடுப்பில் பாகானது. ஆனால் அந்த நீருக்கு ஒரு குணம் உண்டு. இறக்காமல் விட்டால் மூன்றாம் நாள் தானே கள்ளாகிவிடும். குடிக்க விரும்புபவன் எங்கும் போக வேண்டாம். பாளையில் கட்டிய ஒரு போத்தலை மறந்தால் போதும்.

1990இல் ஒரு நாள், நான்காம் மரத்தின் பாளை வற்றிவிட்டது என்றார் பெரியப்பா. யாரும் ஏறிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மாலை, தாழை ஓலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு, வற்றியதாகச் சொன்ன அதே மரத்திலிருந்து பாட்டு கேட்டது. பிறகு அது நின்றது.

மேலே என்ன நடந்தது என்பதைப் பின்னாளில் பெரியப்பா சொல்லித்தான் அறிந்தேன். காயல் பால் நிறத்தில் அசையாமல் கிடந்ததாம். போத்தலின் கழுத்தில் நுரை மெல்ல எழுந்து அடங்கி, மூச்சு விட்டதாம். எதிர் மட்டையில் இன்னொரு தெபுரே அமர்ந்து, நிதானமாக, அன்பாகக்கூட, கையை நீட்டியதாம். அந்தக் கையின் தழும்பு தன் கையில் இருப்பதுதான் என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கீழே பெரியம்மா மகளின் உடைகளைப் பாயில் வைத்துச் சுருட்டத் தொடங்கியிருந்தார். அப்போது மேலிருந்து குரல் வந்தது.

"காவோட்டியா, இங்க ஒரு போத்தல ஒளிச்சு வச்சிருக்கேன். மூணு நாளாச்சு. இப்ப கையில இருக்கு."

பெரியம்மா பாயை விடாமல் மரத்தடிக்கு வந்தார்.

"குடிச்சியா?"

"இல்ல. பாட்டு மறந்துபோச்சு. அடுத்த அடி என்ன?"

"ஆறு வருஷமா அதே பாட்டு. மீனுங்களுக்கே மனப்பாடம். உனக்கு மறந்துபோச்சாக்கும்."

"சொல்லேன்."

பெரியம்மா குரல் உயர்த்தாமல் அடுத்த அடியைப் பாடினார். மேலிருந்து அதற்கடுத்த அடி வந்தது. அதோடு கள்ளும் மரத்தில் வழிந்து வந்தது. மணல் நுரைத்தது, நண்டுகள் கூடின.

அந்த இரவு பாய் விரிக்கப்பட்டது, சுருட்டியிருந்த உடைகளை எடுத்துவிட்டு. பெரியப்பா உறங்கவில்லை. கள் பட்ட கையை விடியும்வரை முகர்ந்துகொண்டிருந்ததாக அவரே சொன்னார். அதையும் ஏட்டில் எழுதச் சொன்னார்.

அவர் இறந்தது 2013இல். அந்த மாலைக்குப் பின் அவர் பாடியது இருபத்து மூன்று ஆண்டுகள்.