தோசைமாவுக்குக் குளிரும்

இன்று காலை சிட்னியில், நார்த்மீட் வீட்டுக் குசினியில் தோசைமா புளித்த மணம் வந்ததுமே என் கால்விரல்கள் விறைத்துக்கொண்டன. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அந்த மணத்தில் எரிச்சல்தான் வருகிறது.

எழுபதுகளில், சிட்னிக்குத் தெற்கே பனிமலையில், அணைக்கட்டில் வேலை செய்பவர்களுக்கென்று கட்டிய பலகை வீடொன்றில் இருந்தோம். வேலை முடிந்ததும் அந்தத் தெருவையே இடித்துவிட்டார்கள். மாதக்கணக்கில் யன்னலின் பாதிவரை பனி ஏறி நிற்கும், வெளியே போய் விளையாட வழியில்லை, வீட்டில் எரிவது ஒரேயொரு மண்ணெண்ணெய் ஹீற்றர், அதற்கு நேர் முன்னால் சொகுசாக இருப்பது தோசைமாச் சட்டி, அந்தச் சட்டிக்குப் பின்னால் கையைத் தேய்த்துக்கொண்டு நானும் தம்பியும்.

“அம்மா, எங்களுக்குக் குளிருது.”

“உங்களுக்குச் சுவெற்றர் இருக்கு. மாவுக்கு என்ன இருக்கு?”

கிழமை முழுக்க அணைக்கட்டு முகாமில் தங்கிவிட்டுச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் அப்பாவுக்குத் தோசை கொடுத்தே ஆகவேண்டும் என்று அம்மாவுக்குப் பிடிவாதம். அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் சட்டியைக் குசினி மூலைக்குத் தள்ளிவிட்டு, அதன் இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் தோசை அட்டை மாதிரி வந்தது. அப்பா நாலு சாப்பிட்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சட்டி பழையபடி ஹீற்றருக்கு முன்னால் இருந்தது. இந்த முறை அதைச் சுற்றியிருந்தது என் போர்வை.