எனக்க அம்மை ஒரு சாராக்கும்

பள்ளிச் சமையல்புரையில் சிறுபயறு வேகும் மணம் வந்தால் மணி பதினொன்றரை. அதற்குப் பிறகு மூன்றாம் வகுப்பில் யாருக்கும் பாடம் ஏறாது. அப்படி ஒரு நாள் கையைத் தூக்கி, "அம்மா, தண்ணி குடிச்சிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. கரும்பலகை அருகில் நின்ற என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இங்க அம்மை இல்ல. சாரு."

ஆமாம்... கேரள எல்லையில், குன்னத்துகால் பக்கம் என் அம்மா டீச்சர் இல்லை, மிஸ் இல்லை. வசந்தா சார். வெளியூர் நண்பர்கள் முழிப்பது தெரிகிறது. எங்கள் பக்கத்தில் பாடம் சொல்லித் தந்தால் சார்தான். வேட்டி கட்டியிருந்தாலும் சரி, சேலை கட்டியிருந்தாலும் சரி.

அந்த ஒரு வார்த்தை எங்கள் ஊரில் படாத பாடு படும். பஸ் கண்டக்டருக்கு முகம் தெரியாத ஆளெல்லாம் சார். வில்லேஜ் ஆபீஸில் சர்டிபிகேட் கைக்கு வரும்வரை "சாரே, சாரே" என்று குழைவார்கள். வாங்கிக்கொண்டு வாசல் தாண்டியதும் அதே சார் "அவன்" ஆகிவிடுவான். சண்டை முற்றி ஒருத்தர், "அது நடக்காது சாரே" என்றால் அதில் மரியாதை மருந்துக்கும் இருக்காது. எட்டு மணிக்கு எழும் என் அண்ணனிடம் அம்மா, "சாரு எழும்பியாச்சா?" என்று கேட்டால் அன்றைக்கு அவனுக்குக் காப்பி கிடையாது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஹைஸ்கூலில் கணக்கு எடுத்த அப்பாவும் அம்மாவுக்கு சார்தான். அப்பாவும் வீட்டுக்குள் நுழைந்ததும், "சாரு எங்க?" என்று அம்மாவைத் தேடுவார். வந்த விருந்தாளி தலையைச் சொறிவார்.

நான் பி.எட். முடித்தபோது அப்பா இல்லை. அம்மா ஓய்வு பெற ஆறு மாதம்தான் இருந்தது. அதற்குள் எனக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் துபாய் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும், மாமாமார் முடிவே செய்துவிட்டார்கள். எனக்கோ எப்படியாவது வேலைக்குப் போய்விட வேண்டும் என்று ஒரே வெறி.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் இன்டர்வியூ. மேஜைக்கு அந்தப் பக்கம் பட்டுச்சேலையில் தலைமையாசிரியை, பக்கத்தில் ஒரு கிளார்க். கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலின் முடிவிலும் ஒரு "சார்".

முதல் தடவை அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மூன்றாம் தடவை கிளார்க் இருமினார். பிறகு பொறுக்க முடியாமல், "மேடம்னு சொல்லும்மா" என்றார். நான் பதறிப்போய் மேடத்தின் முகத்தைப் பார்த்து, "சரி சார்" என்றேன்...

அவர் ஃபைலை மூடினார்.

"என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"எங்க ஊர்ல அதாக்கும் மரியாதை. எனக்க அம்மையும் சாருதான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. லெட்டர் போடுகிறோம் என்றார்கள். எந்த லெட்டரும் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் மேல் பாய்ந்தேன். மற்ற ஊரில் பிள்ளைகள் டீச்சரை டீச்சர் என்றுதானே கூப்பிடுகிறார்கள், உங்களுக்கு மட்டும் எதற்கு இந்த சார் பட்டம், என் வாழ்க்கையே போச்சு என்று கத்தினேன். அம்மா மரச்சீனிக் கிழங்கின் தொலியை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"துபாய்க்காரன் வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன். நீ அடுத்த வேலையைப் பாரு மக்கா."

அவ்வளவுதான் சொன்னார். சொன்னபடியே மாமாமாரையும் சமாளித்தார். நான்கு மாதத்தில் பாறசாலை அருகே ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாளே போர்டில் பெரிதாக "மிஸ்" என்று எழுதினேன். அதுவே நிலைத்துவிட்டது.

போன வாரம் அம்மாவை நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எண்பதைத் தாண்டியாயிற்று, முட்டுவலி. டோக்கன் கொடுக்கிற இடத்தில் இருந்தவர் தலை நரைத்த மனிதர். அம்மாவைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாரே, என்னை மனசிலாச்சா?"

அம்மாவுக்குப் பெயர் நினைவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டினார். பெஞ்சில் இருந்த மீன்காரப் பெண்மணி நகர்ந்து இடம் கொடுத்து, "சாரு இரியுங்க" என்றார். அவரும் அம்மாவிடம் படித்தவராம். செக்யூரிட்டிக்காரர் தன் அண்ணன் படித்த கதையைச் சொல்ல வந்துவிட்டார்.

அதே வரிசையில் என் பழைய மாணவி ஒருத்தியும் நின்றாள். "ஹாய் மிஸ்!" என்று ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு மறுபடி ஃபோனில் மூழ்கினாள். தங்கமான பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது எல்லாப் பிள்ளைகளும் மிஸ், மேம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அம்மாவைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்ற தாயைப் பார்த்துப் பொறாமை... சொன்னால் சிரிப்பீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு குட்டி ஞாபகத்துக்கு வந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். பொழியூர் கடற்கரையிலிருந்து வருகிற பிள்ளை, அப்பா கடலுக்குப் போகிறவர். எழுந்து நின்று, ஆசையாக, "சாரே" என்று என்னைக் கூப்பிட்டாள்.

இத்தனை வருஷ சர்வீஸில் என்னை அப்படிக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான். நான் அவளை பெஞ்சில் ஏற்றி நிறுத்தி, "மிஸ்" என்று பத்துத் தடவை சொல்ல வைத்தேன். பத்தையும் அழுதுகொண்டே சொன்னாள்.