நோன்புக்குப் பொத்தான் இல்லை

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து பல வருஷமாகிறது. பேகம்பூருக்குப் பக்கத்தில் ஒரு தோல் மண்டியில் அவருக்கு வேலை. வந்து இறங்குகிற ஆட்டுத்தோலை விரித்து, உப்புப் போட்டு அடுக்க வேண்டும். நாள் முழுக்க உப்பு ஈரத்திலேயே நிற்கிற கால். சர்க்கரைக்காரருக்குக் காலில் உணர்ச்சி போய்விடும், முள் குத்தினாலும் தெரியாது, வெறுங்காலோடு நிற்காதீர்கள் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொண்டால்தானே! பெண்டாட்டி சொன்னால் அது நச்சரிப்பு. அதையே சீமையிலிருந்து ஒருத்தர் சொன்னால் வைத்தியம்.

அப்படி ஒரு நாள் சீமையிலிருந்து சொல்லவும் சொன்னார்கள். வெளிநாட்டு டாக்டர்களும் இங்குள்ளவர்களும் சேர்ந்து சர்க்கரை நோய்க்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் பெண் ஒருத்தி வாரா வாரம் வீட்டுக்கு வந்தாள். ரத்தம் பார்ப்பாள். எங்கள் போனிலும் ஒரு ஆப்பை ஏற்றி, பாதத்தைப் படம் எடுத்து அனுப்ப எனக்குக் கற்றுக்கொடுத்தாள். படம் கடல் தாண்டிப் போகும், அங்கே ஒரு டாக்டர் பார்ப்பார், மறுநாளே தமிழில் பதில் வந்துவிடும்.

குதிகால் வெடிப்பைப் பார்த்துவிட்டு, உப்பில் நிற்காதீர்கள், ரப்பர் பூட்ஸ் போடுங்கள் என்று ஒரு தடவை பதில் வந்தது. மனுஷன் அன்று சாயங்காலமே பூட்ஸ் வாங்கி வந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சர்க்கரை இறங்கியது உண்மை. அந்த நர்ஸ் பெண்ணுக்கு நான் டீ போடாமல் அனுப்பியதே இல்லை.

பிறகு நோன்பு வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டு, மாத்திரையை விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கும் சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றிக்கொண்டார். ஒரு வேளை தவறவில்லை. ஆனால் ஆப் மட்டும் எப்போதும்போல மத்தியானம் மணியடித்துக் கேட்கும்: மதிய உணவு சாப்பிட்டீர்களா? மாத்திரை போட்டீர்களா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொறுப்பாக 'இல்லை' என்று அமுக்குவார்.

"ஆமுன்னுதான் அமுக்குங்களேன். யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன்.

"நோன்பு வச்சுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியா? நல்லா இருக்கு நீ சொல்றது."

நர்ஸ் பெண்ணிடமும் கேட்டேன். "மேல சொல்லிட்டேன்க்கா. ஒண்ணும் ஆகாது" என்றாள்.

பெருநாள் முடிந்த வாரம் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. லீவில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் அவருடைய பெருவிரலில் ஒரு கொப்புளத்தைப் பார்த்தேன். பூட்ஸின் உள்தையல் உரசி உரசி வந்தது. அவருக்கு வலியே இல்லை. உடனே படம் எடுத்து அனுப்பினேன். 'உங்கள் படம் கிடைத்தது. நன்றி' என்று எப்போதும் வருவது வந்தது. மறுநாள் டாக்டரின் பதில் வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றேன்.

"மண்டியில லோடு வந்து கெடக்கு. அங்கன டாக்டரு பாத்துக்கிட்டுத்தான இருக்காரு, ஒண்ணுன்னா சொல்லமாட்டாரா?"

கொப்புளம் உடைந்தது. மறுபடி படம் அனுப்பினேன். மறுபடி நன்றி. விரல் கறுத்தது. அதற்கும் நன்றி. வாடை வந்த பிறகு அவர் பேச்சைக் கேட்காமல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இங்கே முடியாது என்று மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே பெருவிரலோடு பாதத்தின் முன்பக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். அதோடு மண்டி வேலையும் போயிற்று.

செய்தி கேள்விப்பட்டு நர்ஸ் பெண் வந்தாள். வாசலிலேயே அழுதாள். "தொடர்ந்து இல்லை, இல்லைன்னு வந்தா, இவங்களுக்கு விருப்பமில்லன்னு கம்ப்யூட்டரே பேரை எடுத்துருதுக்கா. நான் எழுதிப் போட்டதை யாரும் பாக்கல போல. உங்க தெருவுல பாதி வீடு என் டேப்லெட்ல வரல. வராத வீட்டுக்கு நான் போகக் கூடாது."

"நான் அனுப்புன படம்?"

"படம் போகும்க்கா. பேரு இல்லைன்னா டாக்டர் பார்வைக்கு வராது."

"பெறகு என்னத்துக்கு நன்றி சொல்லுச்சு?"

அன்றைக்கு நான் டீ போடவில்லை. அவள்மேல் தப்பில்லை என்று தெரியும். ஆனாலும் போடவில்லை.

கொஞ்ச மாதம் கழித்துப் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. திட்டம் முடிந்ததாம், ஒரு மண்டபத்தில் கூட்டமாம், குடும்பத்தோடு வர வேண்டுமாம். பேரை எடுத்த கம்ப்யூட்டருக்கு நம்பரை எடுக்கத் தெரியவில்லை. வரமாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டு போனேன். மேடையில் ஒரு தம்பி கோட்டுப் போட்டுக்கொண்டு பேசினார். கடைசிவரை திட்டத்தில் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூடக் காலை வெட்ட வேண்டி வரவில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்துவிட்டேன்.

"அப்ப இவரு? இவரை யாரு போகச் சொன்னா?"

முன்வரிசையில் இருந்த வெளிநாட்டு டாக்டரம்மா எழுந்து வந்து, தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பார்த்தார். பிறகு பேரைக் கேட்டு, தன் டேப்லெட்டில் பழைய பதிவைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று கேட்கிறார்கள் என்று அந்தத் தம்பி சொன்னார்.

"யாரு நிறுத்துனா? நோன்பு வச்சிருந்தாரு. மாத்திரைய நேரம் மாத்திப் போட்டாரு. அதைச் சொல்ல உங்க போனுல எங்க எடம் வச்சிருந்தீங்க?"

தம்பி அதைச் சொல்லச் சொல்ல, அந்தம்மா முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுஷிதான். அந்த நல்ல குணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சாப்பாடு தயாராக இருந்தது. சாப்பிடாமல் வந்துவிட்டோம்.

இந்த வருஷ நோன்புக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். திட்டத்தை மறுபடி தொடங்கியிருக்கிறார்களாம். மதிய உணவு சாப்பிட்டீர்களா, நோன்பா என்று கேட்டிருந்தது. ஆம், இல்லைக்குப் பக்கத்தில் மூன்றாவதாக 'நோன்பு' என்று பச்சையாக ஒரு பொத்தான். தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அவர் போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செத்த நேரம் பார்த்தார். இனிமேல் நோன்பே வைக்கக் கூடாது என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோன்புக்குப் பதிலாக ஏழை ஒருத்தருக்குச் சாப்பாடு கொடுத்துவிடுகிறோம்.

"இப்ப நல்லாக் கேக்குது" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு, லுஹருக்கு, பாங்கு சொன்னார்கள். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சோத்தப் போடு. மாத்திரைக்கு நேரமாச்சு."