காலையில் இரண்டு கறுப்புக் குளிசை

மூன்று வருடங்களுக்கு முன், கொழும்பு வெள்ளவத்தையில் நான் தனியாக இருக்கும் தொடர்மாடி வீட்டில் நடந்தது இது. கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருவரும் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முகம் காட்டுவார்கள். மற்ற ஆறு நாளும் நான் வாய்விட்டுக் கதைக்க இருந்த ஒரே ஆள், கொலன்னாவையிலிருந்து சமைக்க வரும் மலையகத்துப் பெண்தான்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போய்வந்த உறவுக்காரர் ஒருவர், விபூதி குங்குமத்தோடு ஒரு போத்தல் கறுப்புக் குளிசையும் தந்தார். சீனிக்கு நல்லதாம். லேபல் இல்லை. பிரசாதத்தோடு வந்ததாலோ என்னவோ, அதை மருந்தென்றே நான் நினைக்கவில்லை. தினமும் காலையில் இரண்டு விழுங்கினேன்.

சில மாதங்களில் வயிற்றுக்குத்து, தலையிடி, நித்திரையும் இல்லை. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு தடுக்கியது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் வீட்டுச் சாவியைக் காணவில்லை.

"நீதானே எடுத்து ஒளிச்சு வச்சிருக்கிறாய்?" என்று கத்தினேன்.

"சத்தியமா நான் எடுக்கலைங்கம்மா" என்று அழுதாள். அன்றே அவளை நிறுத்திவிட்டேன். அதன் பிறகு வீட்டில் ஃபிரிட்ஜின் சத்தம் மட்டும்தான். பிள்ளைகளிடம் நல்லா இருக்கிறேன் என்றே சொன்னேன்.

பத்து நாள் கழித்து மரக்கறி வாங்கப் போனவள், திரும்ப வழி தெரியாமல் நின்றேன். எங்கள் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் பெருந்தெருவான காலி வீதியில் தொடங்கிக் கடலில்தான் முடியும். அதில் எது என்னுடையது? ரயில் பாதை ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். த்ரீவீல்காரர் ஒருவர், "அம்மே, கொஹெத யன்னே?" என்று எங்கே போகவேண்டுமெனச் சிங்களத்தில் கேட்டார். கையிலிருந்த போனை நீட்டினேன். அதை வாங்கி, நான் கடைசியாக எடுத்த இலக்கத்துக்கே எடுத்தார். அது அவளுடைய இலக்கம். சாவியைத் தா என்று அன்று காலையும் எடுத்துத் திட்டியிருந்தேன்.

"அங்கயே இருங்கம்மா, வர்றேன்" என்றாள். பஸ் பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள். வேறு மருந்து எடுப்பதுண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அவள்தான், "காலைல கறுப்பு உருண்டை ரெண்டு முழுங்குவாங்க டாக்டர்" என்றாள். பரிசோதித்ததில் குளிசையிலும் ஈயம், என் இரத்தத்திலும் ஈயம். அது மூளையைத் தாக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் என் மூளையையே கெடுத்துக்கொண்டேன்.

பல வாரச் சிகிச்சைக்குப் பிறகும் சில பெயர்கள் இன்னும் நினைவில் வருவதில்லை. சாவி அரிசி வாளிக்குள் கிடந்தது. நான்தான் அங்கே வைத்து மறந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "நோய்தானே திட்டுச்சு, நீங்க இல்லையேம்மா" என்றாள். ஆனாலும் வேலைக்குத் திரும்பி வரவில்லை.

மறதிக்கு ஈயம் காரணம், சரி. சாவியைக் காணோம் என்றதும் யோசிக்காமல் அவள்மேல் பழி போட்டேனே, அதற்கு எந்தக் குளிசை காரணம் என்று, தனியே சாப்பிட உட்காரும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.