அமிர்தவல்லியின் டீசல் கிணறு

செஞ்சியில், திண்டிவனம் சாலைப் பெட்ரோல் பங்க்கை ஒட்டி இட்லிக்கடை நடத்தும் அமிர்தவல்லிக்கு வாய் கொஞ்சம் நீளம். சட்னி காரமென்று யாராவது முகம் சுளித்தால், கோட்டை ஏறப் போகிறவருக்கு இதுகூடத் தாங்காதா என்று கேட்டுவிடுவாள். அந்த வாயையே அடைத்துவிட்டது அவளுடைய கிணறு. போன மழைக்குப் பிறகு தண்ணீரில் டீசல் நாற்றம். சாம்பாரில் எவ்வளவு பெருங்காயம் கரைத்தும் போகவில்லை. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நழுவினார்கள்.

பங்க் முதலாளி நெடுமாறனிடம் போய், மண்ணுக்கடியில் உங்கள் டீசல் தொட்டி ஒழுகுகிறது என்றாள். உன் கிரைண்டர்தான் எண்ணெய் ஒழுகுகிறது என்றார் அவர். விடுவாளா? அரசாங்கத்துக்கு மனு மேல் மனு போட்டாள். கடைசியில் அனு என்ற சோதனைக்காரப் பெண் சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். தொட்டியைச் சுற்றி மூன்று இடத்தில் குழி போட்டு, மண்ணிலும் ஊற்றுநீரிலும் டீசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மூன்றாவது குழி அமிர்தவல்லியின் மதிலோரம். அதில் டீசல் இருந்தால் தொட்டியைத் தோண்டியாக வேண்டும். இல்லையென்றால் அமிர்தவல்லி ஊருக்கே பொய்க்காரி.

குழி போட வந்த வீராசாமி, செஞ்சியில் பாதி வீட்டுக்கு போர்வெல் போட்டவன். கற்பூரம் ஏற்றாமல் மண்ணைத் தொட மாட்டேன் என்று நின்றான். பெட்ரோல் பங்க்கில் நெருப்பா என்று அனு பதறிப்போனாள். ஒருவழியாகத் தேங்காய் மட்டும் உடைத்து, மூன்று குழியும் போட்டு, ஒவ்வொன்றிலும் குழாய் இறக்கி மூடினார்கள். தண்ணீர் தெளியட்டும், காலையில் எடுக்கலாம் என்று அனு கிளம்பிவிட்டாள்.

ஏற்றாத கற்பூரம் அமிர்தவல்லியின் மனதை அரித்தது. சாமி குத்தமாகி முடிவு தாறுமாறாக வந்துவிட்டால்? கொளுத்தத்தானே கூடாது, போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! பொழுது சாயும் நேரம் மதிலோரக் குழாயின் மூடியைத் திருகி, ஒரு கைப்பிடிக் கற்பூரத்தை உள்ளே போட்டு, கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அனு மூடியைத் திறந்ததும் கோயில் மணம் குப்பென்று அடித்தது. யார் கை வைத்தது என்று கேட்டாள். வீராசாமி வானத்தைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் அமிர்தவல்லி ஒப்புக்கொண்டாள். நெடுமாறனுக்கு வாயெல்லாம் பல். கற்பூரம் போட்ட கை டீசலும் ஊற்றியிருக்கும், சோதனையே செல்லாது என்று குதித்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அமிர்தவல்லி நொந்துகொண்டாள்.

அனு மற்ற இரண்டு குழாய்களையும் திறந்தாள். அங்கேயும் அதே மணம்.

"நான் போட்டது ஒண்ணுலதான். மீதி ரெண்டுல போட்ட மகராசன் யாரு மொதலாளி?" என்றாள் அமிர்தவல்லி.

நெடுமாறன் ஒப்புக்கொண்டார். எதுவும் வரக்கூடாதென்று வேண்டிக்கொண்டு அவர்தான் போட்டாராம். மூன்றாவதுக்கு வந்தால், அங்கே அமிர்தவல்லி கற்பூரமும் கையுமாக நின்றாளாம்.

"அப்ப நான் டீசல் ஊத்தலன்னு பாத்த சாட்சியே நீங்கதான்," என்றாள் அவள். பெட்ரோல் போடும் பையன்கள் திரும்பி நின்று சிரித்தார்கள்.

அனு தலையிலடித்துக்கொண்டு, பக்கத்திலேயே புதுக் குழிகள் போடச் சொன்னாள். இந்த முறை மூடிக்குப் பூட்டு. சில வாரத்தில் முடிவு வந்தது: மதிலோர மண்ணிலும் நீரிலும் டீசல். தொட்டியைத் தோண்டினால் அடியில் விரல் நுழையும் ஓட்டை. அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அமிர்தவல்லி கேசரி கொடுத்தாள்.

மாலையில் அனு வந்து கிணற்றுக்கு வலை போட்டு மூடி, இந்தத் தண்ணீரைப் புழங்கக் கூடாது என்று பலகை மாட்டினாள். பங்க் செலவில் தினமும் லாரித் தண்ணீர் வரும் என்றாள். கிணறு எப்போது தெளியும் என்று அமிர்தவல்லி கேட்டாள். வருஷக்கணக்கில் ஆகலாம் என்று சொல்லிவிட்டு அனு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஜெயிச்சிட்டியேக்கா," என்றான் வீராசாமி.

"கெணறு போச்சேடா," என்று அமிர்தவல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.